1970 எம்ஜிபி காருக்கு எந்த ஸ்பார்க் பிளக் சரி? கரி பிடிப்பது பிளக்கின் குற்றமா?

இங்கிலாந்தில் 1970ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறீர்கள். கார் கைக்கு வந்தபோது அதில் என்ஜிகே பிபிஆர்6இஎஸ் பிளக் இருந்தது. சில நூறு மைல் ஓடுவதற்குள் பிளக்குகள் கறுத்துவிடுகின்றன. உதிரிபாகக் கடைக்காரர் இரிடியம் போடச் சொல்கிறார், நண்பர் ‘ஒரு நம்பர் ஹாட்டா’ பிபி5இஎஸ் போடச் சொல்கிறார். எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த எஞ்சினுக்கு உரிய பிளக் எது என்பது ஒன்று, கரி ஏன் பிடிக்கிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குச் சந்தேகமில்லாமல் பதில் உண்டு. இரண்டாவதற்குப் பிளக்கை மாற்றி விடை காண முடியாது. காரைப் பார்க்காமல் காரணம் இதுதான் என்று என்னாலும் அடித்துச் சொல்ல முடியாது, எந்த வரிசையில் தேட வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் வாங்க வேண்டியது. 1962 முதல் 1980 வரை வந்த நான்கு சிலிண்டர் எம்ஜிபி எல்லாவற்றிலும் இருப்பது 1798 சிசி பி சீரிஸ் எஞ்சின். நம் ஊர் அம்பாசடரில் பல ஆண்டுகள் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதே குடும்பம்தான். அம்பாசடரோடு பழகிய மெக்கானிக் எவருக்கும் இந்த வார்ப்பிரும்பு சிலிண்டர் ஹெட் அந்நியமாகத் தெரியாது. எம்ஜிபிக்கு வேண்டிய பிளக்கின் மரை விட்டம் 14 மி.மீ., மரையின் நீளம் 19 மி.மீ., அறுகோணத் தலை 20.8 மி.மீ., அடியில் வாஷர் போட்டு உட்காரும் தட்டையான இருக்கை. அன்று கம்பெனி சொன்னது சாம்பியன் என்9ஒய். அதன் இன்றைய செப்பு உள்ளீடு வைத்த வடிவம் என்9ஒய்சி. அதற்கு நிகராக என்ஜிகேயில் பிபி6இஎஸ், போஷில் டபிள்யூ7டிசி, டென்சோவில் டபிள்யூ20இபி. இந்த நான்கில் எது நம்பகமான கடையில் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். ஒன்றைவிட ஒன்று உசத்தி என்று வாதாடுவதில் பயனில்லை. பாயின்ட் (காயிலின் மின்சாரத்தை வெட்டிப் பொறி வரவைக்கும் தொடுமுனை) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் இடைவெளி 0.025 அங்குலம், அதாவது 0.64 மி.மீ.

எழுத்துகளைப் படிக்கத் தெரிந்துகொண்டால் கடையில் ஏமாற மாட்டீர்கள். என்ஜிகே எண்ணில் ‘பி’ (B) 14 மி.மீ. மரை, அடுத்த ‘பி’ (P) நுனி வெளியே நீண்டிருப்பது, ‘ஆர்’ (R) உள்ளே ரெசிஸ்டர் இருப்பது, ‘6’ வெப்ப எண், ‘இ’ (E) 19 மி.மீ. நீள மரை. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு இரண்டு. வெப்ப எண் எல்லாக் கம்பெனியிலும் ஒரே திசையில் ஓடாது. என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் ஏற ஏறப் பிளக் குளிர்ச்சி. சாம்பியனிலும் போஷிலும் எண் ஏற ஏறச் சூடு. ‘6 இல்லை, 7 இருக்கு, கிட்டத்தட்ட ஒன்றுதான்’ என்று கடையில் எடுத்துக் கொடுப்பது என்ஜிகே என்றால் குளிர்ச்சியான பக்கம் போகிறது, ஏற்கெனவே கரி பிடிக்கும் எஞ்சினில் அது இன்னும் கெடுதல். இரண்டாவது தவறு மரை நீளம். ‘இ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘எச்’ இருந்தால் 12.7 மி.மீ. மரை. பிபி6எச்எஸ் இதே துளையில் அழகாகத் திருகி உட்காரும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும். ஆனால் தீப்பொறி எரிஅறைக்குள் வராமல் குழிக்குள்ளேயே விழும். மிச்சமிருக்கும் மரையில் கரி கட்டிக்கொள்ளும், பிறகு சரியான நீளப் பிளக்கைப் போடும்போது பாதியில் இறுகி நின்று மரையைக் கடித்துவிடும். கழற்றிய பிளக்கில் மரை நீளத்தை ஸ்கேல் வைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள்.

நண்பர் சொல்லும் ‘ஹாட் பிளக்’ பற்றி ஒரு தெளிவு தேவை. சூடான பிளக் என்றால் தீப்பொறி சூடு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, பொறிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. பீங்கான் நுனியில் ஏறும் வெப்பம் எவ்வளவு சீக்கிரம் ஹெட்டுக்குள் இறங்குகிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. நுனி ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் மேலே படியும் கரி தானாக எரிந்து போகும். 800 டிகிரிக்கு மேல் போனால் நுனியே பெட்ரோலைப் பற்றவைக்க ஆரம்பித்து, பொறி வருவதற்கு முன்பே எரிப்பு தொடங்கும். பிஸ்டனில் ஓட்டை விழுவது அப்படித்தான். 8.8:1 அழுத்த விகிதமும் இரட்டை எஸ்யூ கார்புரேட்டரும் உள்ள, மாற்றம் செய்யாத எம்ஜிபிக்கு 6 என்ற எண் இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் வசதியாக நிற்கிறது. மோட்டார்வேயில் மணிக்கு 70 மைலில் நீண்ட நேரம் போனாலும் தாங்கும், ஊருக்குள் ஓட்டினாலும் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். 5ஆம் எண்ணுக்குப் போவது, ரிங் தேய்ந்து எண்ணெய் எரிக்கும் எஞ்சினை அடுத்த ஓவர்ஹால் வரை ஓட்டிக்கொண்டு போகவும், வாரம் முழுக்க இரண்டு மைல் மட்டுமே ஓடும் காருக்கும் பொருந்தும். 7ஆம் எண் ட்ராக்கில் ஓடும் காருக்கும் அழுத்தம் கூட்டிய எஞ்சினுக்கும். நல்ல எஞ்சினில் கரியை மறைப்பதற்காக 5 போட்டால் கரி குறைந்தது போல் தெரியும், காரணம் அப்படியே இருக்கும். கோடையில் நீண்ட பயணம் போகும்போது அந்தப் பிளக்கின் நுனி தேவைக்கு மேல் சுடும்.

ரெசிஸ்டர் இருக்க வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் காரில் என்ன வயர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ‘ஆர்’ போட்ட பிளக்கில் ஏறக்குறைய 5 கிலோ ஓம் தடை உள்ளே இருக்கும். ரேடியோ இரைச்சலையும், மின்னணு கருவிகளைக் குழப்பும் அலைகளையும் அடக்குவதுதான் அதன் வேலை. டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் மாட்யூல் வைத்து, உயர் அழுத்த வயர் வெறும் செப்புக் கம்பியாக இருந்தால் ரெசிஸ்டர் பிளக் கட்டாயம். இல்லையென்றால் மாட்யூலே தடுமாறி, வேகமெடுக்கும்போது மிஸ்ஸிங் வரும். கார்பன் உள்ளீடு வைத்த வயர் என்றால் அடக்கும் வேலையை வயரே செய்துவிடும், பிபி6இஎஸ் போதும். பாயின்ட், செப்பு வயர் இரண்டும் இருந்தால் எஞ்சினுக்கு எது போட்டாலும் கவலை இல்லை, இரைச்சல் ரேடியோவில் மட்டும் கேட்கும். உங்கள் காரில் முன்பு இருந்த பிபிஆர்6இஎஸ் ஆகவே தவறான பிளக் இல்லை. ரெசிஸ்டரால் பொறி பலவீனமாகிறது என்று சொல்வார்கள். தடை உள்ளே உடைந்து போன பழைய பிளக்கில் அது உண்மை, நல்ல பிளக்கில் ஓட்டுபவர் உணரும் வித்தியாசம் எதுவும் இல்லை. மல்டிமீட்டரை மேல் முனைக்கும் கீழே நடுமின்முனைக்கும் வைத்துப் பாருங்கள். ஐந்தாயிரம் ஓம் சுற்றி இருந்தால் சரி, எல்லையற்றது என்று காட்டினால் பிளக்கைத் தூக்கிப் போடுங்கள்.

இனி இடைவெளி. அட்டைப்பெட்டியில் ‘சரி செய்யப்பட்டது’ என்று இருந்தாலும் நம்ப வேண்டாம். பிபி6இஎஸ், பிபிஆர்6இஎஸ் இரண்டும் பெரும்பாலும் 0.8 மி.மீ. அளவில் வரும், பெயருக்குப் பின்னால் 11 என்று முடிந்தால் 1.1 மி.மீ. அந்த 1.1 நவீன காயிலுக்கானது. இடைவெளி கூடக் கூடப் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்ட் தேவைப்படும். ஐம்பது வயதான காயிலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் அந்த வோல்ட்டைத் தாங்காமல் ரோட்டாரிலோ மூடியின் விரிசலிலோ கசியவிடும். எரிய வேண்டிய பெட்ரோல் எரியாமல் பிளக்கை நனைக்கும். 25 தௌ (0.025 அங்குலம்) ஃபீலர் கேஜ் தகடு லேசான உரசலோடு நுழைந்து வர வேண்டும். வெளியே இருக்கும் தரை மின்முனையை மட்டும் வளையுங்கள். நடுமின்முனையில் எதையும் முட்டுக்கொடுத்து நெம்பினால் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். எலெக்ட்ரானிக் மாட்யூலும் நல்ல காயிலும் இருந்தால் 0.030, 0.035 வரை போகலாம். 1975 மாடல் முதல் அமெரிக்காவுக்குப் போன எலெக்ட்ரானிக் இக்னிஷன் எம்ஜிபிக்குக் கம்பெனியே 0.035தான் சொன்னது. உங்கள் காரில் எது இருக்கிறது என்பது மூடியைக் கழற்றினால் ஒரு நிமிடத்தில் தெரியும்.

இரிடியம் பற்றிக் கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை. மெல்லிய நடுமின்முனையால் பொறி குறைந்த வோல்ட்டில் தாண்டும், குளிரில் ஸ்டார்ட் ஆவது சற்று எளிதாகலாம். பிபிஆர்6இஐஎக்ஸ் போட்டால் எஞ்சினுக்குக் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் அந்த வகையில் தரை மின்முனை சாதாரண நிக்கல்தான், அதனால் ஆயுள் விலைக்கு ஏற்ப நீளாது. எம்ஜிபியின் பராமரிப்பு அட்டவணையே 6,000 மைலில் பிளக்கைப் பார்த்து, 12,000 மைலில் மாற்றச் சொல்கிறது. வருடத்துக்கு 2,000 மைல் ஓடும் காருக்கு சாதாரணப் பிளக்கே ஆறு வருடம் வரும். முக்கியமாக, இப்போது உங்கள் காரில் கரி பிடிக்கிறது. கரி ஏறிய இரிடியத்தைக் கம்பித் தூரிகை வைத்துத் தேய்த்தால் நுனி போய்விடும். நோயைக் கண்டுபிடிக்கும் வரை மலிவான பிளக்கில் ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

இப்போது கரிக்கு வருவோம். முதலில் சரியான முறையில் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, பிறகு கழற்றினால் எந்த எம்ஜிபி பிளக்கும் கறுப்பாகத்தான் இருக்கும். இருபது மைல் நன்றாக ஓட்டிவிட்டு, ஆளில்லாத நேரான சாலையில் மூன்றாம் அல்லது நான்காம் கியரில் பாதிக்கு மேல் ஆக்ஸிலரேட்டர் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கிளட்சை மிதித்து இக்னிஷனை அணையுங்கள். ஸ்டீயரிங் பூட்டு உள்ள காரில் சாவியை ஒரு நிலை மட்டும் பின்னால் திருப்ப வேண்டும், முழுக்கத் திருப்பினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். பிரேக் பூஸ்டர் இருந்தால் அதன் உதவி ஒன்றிரண்டு மிதிக்குமேல் இருக்காது. இந்தச் சோதனையை நெரிசலில் செய்யவே கூடாது. எஞ்சின் ஆறிய பிறகு நான்கையும் கழற்றி, ரேடியேட்டர் பக்கமிருந்து 1, 2, 3, 4 என்று வரிசையாக அட்டையில் குத்தி வையுங்கள். பழைய புத்தகங்கள் சொல்லும் பிஸ்கட் நிறம் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. இன்றைய பெட்ரோலில் நுனி வெளிறியே இருக்கும். காற்று-பெட்ரோல் கலவையின் அடையாளம் பீங்கான் உடலோடு சேரும் அடிப்பகுதியில் வளையமாகத் தெரியும், டார்ச் அடித்து உள்ளே பார்க்க வேண்டும். வெறும் நிறத்தை வைத்து நுணுக்கமாக டியூன் செய்ய முடியும் என்று நான் நம்பவில்லை. மிகவும் ரிச் (பெட்ரோல் அதிகம்), மிகவும் லீன் (பெட்ரோல் குறைவு), எண்ணெய் என்ற மூன்றைப் பிரித்தறிய அது போதும்.

இந்த எஞ்சினில் ஒரு வசதி உண்டு. ஹெட்டில் 1, 2 சிலிண்டர்களுக்குப் பொதுவாக ஒரு உள்வழி, 3, 4க்குப் பொதுவாக ஒன்று. முன் கார்புரேட்டர் பெரும்பாலும் முதல் ஜோடிக்கும் பின் கார்புரேட்டர் இரண்டாம் ஜோடிக்கும் கொடுக்கிறது. 1, 2 மட்டும் கறுத்திருந்தால் முன் கார்புரேட்டரையும், 3, 4 மட்டும் கறுத்திருந்தால் பின் கார்புரேட்டரையும் பாருங்கள். ஒரே ஒரு பிளக் மட்டும் எண்ணெய்ப் பசையாக இருந்தால் அந்தச் சிலிண்டரின் ரிங் அல்லது வால்வு கைடு. ஒன்று மட்டும் பெட்ரோலில் நனைந்திருந்தால் அதன் வயரையும் பிளக்கையும் பக்கத்துச் சிலிண்டரோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள், நனைவது அவற்றோடு நகர்ந்தால் வயரிலோ பிளக்கிலோ குற்றம், நகராவிட்டால் குற்றம் வேறெங்கோ. நான்கும் ஒரே மாதிரி மெத்தென்ற உலர்ந்த கரியாக இருந்தால் சோக், கலவை, தெர்மோஸ்டாட், பலவீனமான பொறி ஆகிய நான்கில் ஒன்று. உங்கள் விவரிப்பு இதைப் போலத்தான் இருக்கிறது.

சோக்கிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் பெரும்பாலும் அங்கேதான் முடியும். இந்தக் காரின் எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டரில் சோக்கை இழுத்தால் ஜெட் (பெட்ரோல் வரும் துளைக்குழாய்) கீழே இறங்கிக் கலவை ரிச்சாகும். குமிழை உள்ளே தள்ளிய பிறகு இரண்டு கார்புரேட்டருக்கும் அடியில் கையை விட்டு, பெட்ரோல் குழாய் சேரும் அந்த பிளாஸ்டிக் ஜெட் தலையை மேலே அழுத்திப் பாருங்கள். இன்னும் ஒரு நூலளவு மேலே ஏறி ‘டக்’ என்று நட்டில் முட்டினால், ஜெட் முழுதாகத் திரும்பவில்லை என்று அர்த்தம். கேபிள் இறுக்கமோ, இணைப்புத் தகட்டில் அழுக்கோ, ஸ்பிரிங் தளர்ச்சியோ காரணம். இது சரியாக இருந்தால் கலவை. கார்புரேட்டரின் பக்கத்தில் உள்ள சிறு பின்னை அழுத்தி, அதற்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் ரிச். உடனே விழுந்து அணையப் போனால் லீன். நொடி நேரம் லேசாக ஏறி இறங்கினால் சரி. சரிசெய்யும் நட்டை மேலே ஏற்றினால் கலவை மெலியும். ஒவ்வொரு முறையும் அறுகோணத்தின் ஒரு பக்கம் மட்டும் திருப்பி, மறுபடி சோதியுங்கள். எவ்வளவு ஏற்றியும் ஐட்லிங்கில் ரிச்சாகவே இருந்தால் ஜெட்டும் ஊசியும் தேய்ந்து துளை நீள்வட்டமாகியிருக்கும், அதற்கு டியூனிங் உதவாது, இரண்டையும் மாற்றத்தான் வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. எஞ்சின் சூடேறாமல் ஓடினால் பிளக்கும் சூடேறாது. 82 டிகிரி தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள்.

பொறி பக்கத்தில், பாயின்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம். அதற்குப் பிறகு சந்தேகப்பட வேண்டியவை ரோட்டாரும் கண்டென்சரும். புதிது என்பதற்காக நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்துப் பொருத்திய சில மலிவான ரோட்டார்களில் அந்த ரிவெட் வழியாகவே மின்சாரம் தண்டுக்குக் கசிந்துவிடும். ரிவெட் இல்லாத சிவப்பு ரோட்டார் அதற்காகவே வந்தது. காயிலின் துருவத்தையும் பார்த்துவிடுங்கள். 1967க்குப் பிந்தைய எம்ஜிபி நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் மைனஸ் முனை கார் உடலோடு சேர்ந்தது), ஆகவே காயிலின் மைனஸ் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். மாற்றிக் கொடுத்திருந்தால் எஞ்சின் ஓடும், ஆனால் குளிர்ந்த தரை மின்முனையிலிருந்து பொறி கிளம்ப வேண்டியிருப்பதால் கூடுதல் வோல்ட் பிடிக்கும். பழைய பாசிட்டிவ் எர்த் காரிலிருந்து எடுத்த காயிலை யாராவது மாட்டியிருந்தால் இது நடக்கும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. மேல்முனையில் திருகி எடுக்கக்கூடிய சிறு நட் சில பிளக்குகளில் வரும். உங்கள் வயர் முனைக்கு அது வேண்டுமென்றால் குறடு வைத்து இறுக்கிவிடுங்கள், கையால் திருகியது அதிர்வில் தளர்ந்து காரணமே தெரியாத மிஸ்ஸிங் கொடுக்கும். கழற்றும் முன் குழியைச் சுற்றிக் காற்றடித்து மண்ணை நீக்குங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். வாஷர் தொடும் வரை விரலாலேயே திருகி, பிறகு புதுப் பிளக்கென்றால் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்குச் சுற்று, ஏற்கெனவே போட்டுக் கழற்றியது என்றால் பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்று இறுக்கினால் போதும். யாராவது அலுமினிய ஹெட்டுக்கு மாற்றியிருந்தால் டார்க் ரெஞ்சில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகாதீர்கள். மரையில் கிரீஸ், ஆன்டி சீஸ் தடவ வேண்டாம், பூச்சுள்ள பிளக்குக்கு அது தேவையில்லை, வழுக்கலால் அளவுக்கு மேல் இறுகிவிடும்.

ஆன்லைனில் மிக மலிவாகக் கிடைக்கும் என்ஜிகேயில் போலிகள் உண்டு. வாஷர் கையோடு கழன்று வந்தால், நடுமின்முனை மையத்திலிருந்து விலகியிருந்தால், எழுத்து மங்கலாக அச்சாகியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். இ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்த) பெட்ரோலுக்காகப் பிளக் எண்ணை மாற்ற வேண்டியதில்லை. அது கலவையைச் சற்று லீனாக்கும், கரியைக் கூட்டாது. அதன் கவலை ரப்பர் குழாய்களுக்கு.

கரி ஏறிய பழைய பிளக்கைக் கம்பித் தூரிகையிலோ எமரித் தாளிலோ தேய்த்துத் திரும்பப் போடும் பழக்கம் நம்மிடம் நிறைய. தேய்த்த உலோகத் துகள் பீங்கானில் படிந்தாலே மின்சாரம் கசிய வழி கிடைத்துவிடும். மல்டிமீட்டரை நடுமின்முனைக்கும் பிளக் உடலுக்கும் வைத்துப் பாருங்கள். ஏதாவது ஓம் அளவு காட்டினால் அந்தப் பிளக் மீண்டும் அடைக்கும்.

ஆகவே நான்கு பிபி6இஎஸ் வாங்குங்கள், எலெக்ட்ரானிக் மாட்யூலும் செப்பு வயரும் இருந்தால் மட்டும் பிபிஆர்6இஎஸ். சோக்கையும் கலவையையும் சரிசெய்த பிறகு புதுப் பிளக்கைப் போட்டு 200 மைல் ஓட்டுங்கள். அப்போதும் கறுத்தால் நான்கையும் சிலிண்டர் வரிசையில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்டா மாட்யூலா, வயர் என்ன வகை, 1,000 மைலுக்கு எவ்வளவு எண்ணெய் ஊற்றுகிறீர்கள் என்ற விவரத்தோடு இங்கே போடுங்கள்.